வளையமும் விலையும்: கணினி விளையாட்டுக் கவசங்களும் கைவினை உழைப்பும் பற்றிய ஒரு குறிப்பு

இலக்கிய ஆய்வாளருக்குக் கணினி விளையாட்டுகளோடு என்ன தொடர்பு என்று இவ்விதழின் வாசகருட் சிலர் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. ஆயின், ஒரு சமூகத்தின் இளைஞர் தம் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை எக்கதைகளினுள்ளே செலவிடுகின்றனரோ அக்கதைகளை ஆராயாது விடும் திறனாய்வு, தான் விரும்பும் சமூகத்தைப் பற்றிப் பேசுமேயன்றித் தன் கண்முன் உள்ள சமூகத்தைப் பற்றிப் பேசாது. சினிமா விடயத்தில் நாம் இத்தவறினை ஒருமுறை செய்துள்ளோம். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சினிமாவினை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து நூல் வெளியிட்டபோதும், எம்மவருட் பலருக்கு அது ஒரே சொல்லால் ஒதுக்கத்தக்க பொருளாகவே இருந்தது. கணினி விளையாட்டினை ஏகாதிபத்தியத்தின் கலாசாரக் குப்பை என்று கூறி அப்பாற் செல்வதும் அத்தகையதே. குப்பையே ஆயினும் அது எங்கிருந்து வந்தது, அதிற் கைவைத்தவர் அதிலிருந்து எதனைப் பொறுக்கி எடுத்தனர் என்பன ஆராய்ச்சிக்குரியன.

இக்குறிப்புக்குத் தோற்றுவாயாக அமைந்தது ஒரு சிறு பொருள். திருகோணமலையில் உட்துறைமுக வீதியை அண்டிய ஒரு வீட்டில், தொழில் தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் அதனை எமக்குக் காட்டினார். உள்ளங்கையிலும் சற்றே பெரிதான ஓர் உலோகத் துணி அது. கட்டுக்கம்பியையும் பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய செப்புக் கம்பியையும் ஓர் ஆணித்தண்டிற் சுருளாகச் சுற்றி, சுருளை நெடுக்காக வெட்டி வளையங்களாக்கி, இரண்டு குறடுகளைக் கொண்டு ஒன்றினுள் ஒன்றாகக் கோத்துச் செய்யப்பட்டது. ஒவ்வொரு வளையமும் அயலிலுள்ள நான்கு வளையங்களினூடாகச் செல்கிறது. மத்தியகால ஐரோப்பியப் போர்வீரனின் கவசமும் இதே பின்னலால் ஆனது. ஆனால் எமது நண்பரின் துணியிலே இரும்பின் சாம்பல் நிறத்தின்மீது செம்பினால் ஒரு முகம் தோன்றியது. மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் வரும் கிரீப்பர் என்ற உயிரியின் முகம் அது. விளையாட்டில் அம்முகம் எட்டுக்கு எட்டாக 64 சதுரங்களால் ஆனது. சதுரம் ஒன்றுக்கு 9 வளையங்கள் என வகுத்து அவர் 576 வளையங்களைக் கோத்திருந்தார். இரண்டு இரவுகள் சென்றன என்றார். பின்னர், "சேர், இதுக்கு என்ன விலை சொல்லலாம்?" என்று கேட்டார்.

நாம் உடனடியாக விடை கூறவில்லை. அரசியற் பொருளாதாரம் கற்றவர் என்று ஓரளவு பெயர் பெற்றிருந்தும் கூற இயலவில்லை என்பதே உண்மை.

முதலிற் சொற்களை நோக்குவோம். வளையக் கவசத்தைக் குறிக்கும் 'மெயில்' என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் வழியாக இலத்தீனின் 'மாக்குலா' என்பதிலிருந்து வந்தது. அச்சொல்லுக்குப் புள்ளி என்றும் வலைக்கண் என்றும் இரு பொருள்கள் உள. 'செயின் மெயில்' என்ற தொடரோ பிற்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பழம்பொருள் ஆர்வலரின் ஆக்கம். தமிழில் நிகண்டுகள் கவசத்துக்குத் தரும் பெயர்களுள் சாலிகை என்பது ஒன்று. அது வடமொழியின் ஜாலிகா. அதன் அடியும் வலையே. ஆக, மேற்கிலும் எம்மிடத்தும் இக்கவசத்துக்குப் பெயரிட்டவர் அதனை முதலில் ஒரு வலையாகவே கண்டனர். துறைமுகத்தை அண்டி வளர்ந்த ஒருவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. டச்சுக் குடாவிற் கரைவலைகளைப் பொத்திக்கொண்டிருக்கும் முதியவரின் விரல்கள் செய்வதையே இவ்விளைஞரின் குறடுகளும் செய்கின்றன. கண்ணுக்குக் கண் இணைத்து, ஓரிடம் அறுந்தாலும் முழுவதும் சிதறாத ஒரு பரப்பினை உண்டாக்குவதே இரண்டினதும் தொழில்நுட்பம். 1950களின் பிற்பகுதி முதல் நைலோன் வலைகள் வந்து கைப்பின்னலைப் பெரிதும் ஒழித்தன. எஞ்சியது பொத்துதல் மாத்திரமே.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். இவற்றின் பரம்பரையில் வளையக் கவசம் தற்செயலாக வந்து சேர்ந்த அணிகலனன்று. 1971இல் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவர் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டு ஒன்றுக்கு விதிநூல் வெளியிட்டனர். அதன் பெயரே 'செயின்மெயில்'. அதிலிருந்து கிளைத்ததே 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. இன்றைய பாத்திரமேற்பு விளையாட்டுகள் யாவும் ஏதோவொரு வகையில் அதற்குக் கடன்பட்டவை. அவ்விளையாட்டிற் கவசம் ஓர் எண்ணாக மாறுகிறது. கவசமற்றவனுக்கு 9, தோற்கவசத்துக்கு 7, வளையக் கவசத்துக்கு 5, தகட்டுக் கவசத்துக்கு 3 என்றவாறு தரம் வகுக்கப்பட்டது. இவ்வெண்முறையைத் தாம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்கள் பற்றிய ஒரு கடற்போர் விளையாட்டிலிருந்து எடுத்ததாக அதன் ஆக்குநருள் ஒருவரான டேவ் ஆர்னெசன் பிற்காலத்திற் கூறியுள்ளார். ஒரு மனித உடலை மூடும் கவசத்தின் தரத்தைக் கணிப்பதற்குப் போர்க்கப்பலின் உலோகத் தகட்டைக் கணிக்கும் முறை பயன்பட்டது. அக்கணக்கிற் கப்பலும் உண்டு, சட்டையும் உண்டு. அவற்றைச் செய்தவனுக்கு மாத்திரம் இடமில்லை.

பண்ட வழிபாடு பற்றி மார்க்ஸ் கூறியதை மாணவர்க்கு விளக்க இதனிலும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது. ஏறத்தாழ 20,000 முதல் 30,000 வரையான வளையங்களைக் கொண்ட ஒரு சட்டை. ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் தட்டையாக்கி, துளையிட்டு, நுண்ணிய ஆணியால் தறைந்து மூடுவதற்குச் சென்ற மாதங்கள். அதற்கு முன்னர் கம்பியச்சின் துளைகளினூடாக இரும்பை இழுத்து இழுத்துக் கம்பியாக்கியவனின் தோள்கள். இவையனைத்தும் 5 என்ற இலக்கத்தினுள் மறைந்துபோகின்றன. அவ்விலக்கம் சட்டைக்கு இயல்பாகவே உரிய குணம்போலத் தோன்றுகிறது. சந்தையிற் பண்டத்தின் விலை அதன் இயற்கைக் குணம்போலத் தோன்றுவதும் இவ்வாறே.

2011இல் முழுமையாக வெளியிடப்பட்ட மைன்கிராஃப்ட் இவ்விடத்துத் தனிக்கவனத்துக்குரியது. பெயரிலேயே அகழ்வையும் கைவினையையும் தாங்கியது அது. ஆட்டக்காரர் மரத்தை வெட்டி, கல்லை அகழ்ந்து, இரும்பை உருக்கி ஏறக்குறைய எதனையும் தாமே செய்துகொள்ளலாம். தோற்கவசம், இரும்புக்கவசம், பொற்கவசம், வைரக்கவசம் ஆகிய எல்லாம் செய்யத்தக்கன. வளையக் கவசத்தை மட்டும் சாதாரண ஆட்டத்திற் செய்ய இயலாது. கிராமத்துக் கவசக்காரனிடம் பண்டமாற்றாகப் பெறவேண்டும். அல்லது பெட்டகங்களிற் கண்டெடுக்க வேண்டும். அல்லது கொல்லப்பட்ட பகையுயிரிகளிடமிருந்து பறிக்க வேண்டும். தொடக்கப் பதிப்புகளில் நெருப்பினையே மூலப்பொருளாக வைத்து அதனைச் செய்யும் சூத்திரம் ஒன்று இருந்தது. ஆயின் சாதாரண ஆட்டக்காரர் நெருப்பைக் கையிலெடுக்க வழியிருக்கவில்லை. எல்லாவற்றையும் எல்லாரும் செய்யலாம் என்று வாக்களிக்கும் ஓர் உலகம், மிக அதிகமான கைவேலையை வேண்டும் பொருளை வாணிகத்துக்கும் கொள்ளைக்கும் விட்டுவிட்டது. இதனை ஆக்கியோர் இப்படிச் சிந்தித்துச் செய்தனர் என்று நாம் வாதிடவில்லை. ஆக்கியோன் அறியாத உண்மையையும் படைப்பு வெளியிடும் என்பது பல்சாக்கைப் பற்றி ஏங்கல்ஸ் எழுதிய காலம்தொட்டு எமக்குப் பழகிய கருத்து.

ஏனைய விளையாட்டுகளில் நிலைமை வேறாயினும் உள்ளீடு அதுவே. ஸ்கைரிமில் உலைக்களத்தின் முன் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் கவசம் கைக்கு வருகிறது. சம்மட்டி விழும் ஒலி ஓர் அலங்காரம். செக் நாட்டிற் செய்யப்பட்டு 2018இல் வெளிவந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' இவற்றுள் நேர்மையானது என்போம். 1403ஆம் ஆண்டின் பொஹீமியாவிலே ஒரு கொல்லனின் மகன் அதன் நாயகன். பஞ்சுச் சட்டை, அதன்மேல் வளைய அங்கி, அதன்மேல் தகடு எனக் கவசம் அடுக்கடுக்காக அணியப்படும் முறை அதிற் கவனமாகக் காட்டப்பட்டுள்ளது. 2025இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ஆட்டக்காரர் தாமே இரும்பைத் திருப்பித் திருப்பி அடித்து வாளும் கோடரியும் குதிரை இலாடமும் செய்யவேண்டும். அடியின் தாளம் பிழைத்தால் பொருளின் தரம் குறையும். தாளத்தின் பிறப்பு உழைப்பிலே என்று யோர்ஜ் தொம்சன் வாதிட்டதை நினைவுபடுத்தும் அழகான பகுதி அது. எனினும் வளைய அங்கி அங்கும் உலைக்களத்திற் பிறப்பதில்லை. காசு கொடுத்தோ பிணத்திலிருந்து கழற்றியோ பெறப்படுகிறது. காரணம் வெளிப்படையானது. ஒரு வாளை அடிக்கும் செயலைச் சில நிமிட விளையாட்டாகச் சுருக்கலாம். இருபதினாயிரம் வளையங்களைக் கோப்பதை எவ்வாறு சுருக்குவது? அது சலிப்பு, விளையாட்டுத் தொழிலின் மூலதனம் எதனையும் தாங்கும், சலிப்பைத் தாங்காது.

ஆனால் அச்சலிப்பையே எமது நண்பர் தேடிச் சென்றார் என்பதை ஈண்டு மனங்கொள்ள வேண்டும். உலகின் பல பாகங்களிலும் இவ்வாறு செய்வோர் உளர். செல்டா விளையாட்டின் முக்கோணச் சின்னத்தையும் மாரியோவின் காளானையும் நிறமூட்டிய அலுமினிய வளையங்களாற் பின்னுகின்றனர். திரையின் புள்ளி ஒன்றுக்கு வளையம் ஒன்று அல்லது சில. திரையிற் கணத்தில் ஒளிர்ந்து மறையும் புள்ளியை இவர்கள் கையாற் பிடித்து மூடுகின்றனர். விளையாட்டு நீக்கிவிட்ட உழைப்பை, விளையாட்டை நேசித்தோரே விளையாட்டுக்கு வெளியே மீட்டு வைக்கின்றனர். இது முரண்பாடு, வளமான முரண்பாடு.

வரலாற்று நாவல் பற்றிய தம் நூலில் லூக்காச் வால்ரர் ஸ்கொட்டைத் தொடக்கமாகக் கொண்டதை நாமறிவோம். பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனின் போர்களும் சாதாரண மக்களைச் சரித்திரத்தினுள் இழுத்துவிட்ட பின்னரே ஸ்கொட்டின் நாவல் தோன்ற முடிந்தது என்பது அவர் முடிபு. கவச வீரரைப் பொதுமக்களின் கற்பனையிற் குடியேற்றியவருள் ஸ்கொட் தலையாயவர். ஸ்கொட்டிடம் கவசம் அணிந்தவன் ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சியையும் உடன் அணிந்திருந்தான். விளையாட்டுகள் ஸ்கொட்டின் ஆடை அலமாரியை எடுத்துக்கொண்டு அவரது சரித்திரத்தை விட்டுவிட்டன. நிலமானிய அமைப்பின் சட்டை இருக்கிறது. அதன் வாரமும் ஊழியமும் இல்லை. நாமறிந்தவரை இவ்வகையிலும் மேற்சொன்ன செக் விளையாட்டு ஓரளவு விலக்காகும்.

எம்மிலக்கியத்தில் இவ்விடயம் எங்ஙனம் நோக்கப்பட்டது? புறநானூற்றின் 95ஆம் பாடல் இவ்விடத்து மிகப் பொருத்தமானது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் வைக்கப்பட்டிருந்த புத்தம்புதிய ஆயுதங்களைக் காண்கிறார். தம் தலைவனின் ஆயுதங்களோ நுனி முரிந்து கொல்லனின் சிறு பட்டறையிற் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல இகழ்ந்த பாட்டு என்று இதனை உரைகாரர் வழியே நாம் கற்பிக்கிறோம். அத்துடன் நிறுத்திவிடுகிறோம். ஆயின் அப்பாடல் பொருள்களின் இரண்டு வாழ்நிலைகளை எதிர்நிறுத்துகிறது: காட்சிப் பொருளாகிவிட்ட ஆயுதம் ஒன்று, பயன்பட்டுத் தேய்ந்து மீண்டும் உழைப்பிடம் திரும்பிய ஆயுதம் மற்றொன்று. இரண்டாவதன் இருப்பிடம் அரண்மனையன்று, கம்மாலை. 312ஆம் பாடலிற் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் எனக் கடமைகளைப் பகுத்தபோதும் வேந்தனுக்கு முன்னர் கொல்லனுக்கு ஓர் இடம் இருந்தது. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் பாணரையும் புலவரையும் எமக்கு மீட்டுத் தந்தது. கொல்லனை மீட்கும் நூல் இன்னும் எழுதப்படவில்லை என்பது எம் எண்ணம்.

தொண்டைமானின் கொட்டிலுக்குப் பின்வந்த வரலாறு உண்டு. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையில் இருந்தவற்றுட் பெருந்தொகையானவை 19ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியரால் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. தெரிந்தெடுக்கப்பட்டவை சென்னை அரசாங்க நூதனசாலைக்குச் சென்றன. இந்திய வளையக் கவசங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பலவற்றை நோக்கும் ஒருவர் இரு விடயங்களைக் காண்பார். ஒன்று, வளையங்கள் பெரும்பாலும் தறையப்படாது முனைகள் பொருத்தப்பட்ட அளவிலேயே விடப்பட்டிருக்கும். துப்பாக்கியின் முன் பயனற்றுப்போன சட்டைக்கு அவ்வளவு உறுதி வேண்டப்படவில்லை. மற்றையது, இரும்பு வளையங்களுக்கிடையே பித்தளையையும் செம்பையும் கலந்து சாய்சதுரக் கோலங்கள் பின்னப்பட்டிருக்கும். கங்கா-யமுனா என்ற இரு நதிகளின் பெயரால் இவ்வேலைப்பாடு வழங்கியது. பயன்பெறுமதி குன்றக் குன்ற அலங்காரம் மிகுந்தது. எமது நண்பர் இரும்பினிடையே செம்பு கோத்துக் கிரீப்பரின் முகம் வரைந்தபோது, அவர் அறியாமலே இம்மரபின் கைக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்கும் விளையாட்டின் வழியாக அவர் அங்கு சேர்ந்தது என்பதே குடியேற்றவாதம் எம் கைவினைகளுக்குச் செய்ததன் சுருக்கம். கம்மாலையிலிருந்து கற்கவேண்டியதைத் திரையிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

ஆயினும் அவர் கம்மாலையிலிருந்து ஏன் கற்கவில்லை? இவ்வினாவுக்குக் குடியேற்றவாதம் மாத்திரம் விடையாகாது. ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்குரியதாயிருந்த அதே பொறியில் அச்சிடப்பட்டது. இயந்திரப் பண்டங்களின் வருகையாற் கைவினைஞன் அழிவதைக் கண்டு அவர் கொண்ட துயரம் உண்மையானது. அவர் சேகரித்த செய்திகளுக்கு இன்றும் ஈடில்லை. ஆனால் மொறிஸ் கைவினையின் அழிவிலிருந்து சோஷலிசத்துக்குச் சென்றார். குமாரசுவாமி பரம்பரைத் தொழிற்பிரிவின் புகழ்ச்சிக்குச் சென்றார். தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழில் செல்வதில் அவர் கண்ட அழகினுள்ளே சாதி இருந்தது. எமது ஊர்களிற் கொல்லனின் தொழிலும் தட்டாரின் தொழிலும் பிறருக்கு அடைக்கப்பட்டிருந்தன; அவ்வாறே அவர்களும் அத்தொழிலினுள் அடைக்கப்பட்டிருந்தனர். குறடு பிடித்தல் இன்ன குலத்தாரின் வேலை என்ற எண்ணம் படித்த இளைஞரின் வீடுகளில் இன்றும் மறைந்துவிடவில்லை. இறக்குமதியான விளையாட்டு அவ்வேலியை ஒரு பக்கத்தாற் கடந்துவிட்டது. எழுதுவினைஞரின் மகளும் மீனவரின் மகனும் கூச்சமின்றிக் கம்பி சுற்றுகின்றனர், அது 'பொழுதுபோக்கு'. அதே கம்பியை அதே குறட்டால் வளைத்துப் பிழைக்கும் அயல் வீதிக் கம்மாலைக்காரருக்கு அப்பெயரின் கௌரவம் கிட்டுவதில்லை. கைவேலையை மதிக்கக் கற்றுவிட்டோம் என்று மகிழ்வதற்கு முன்னர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி விலையை நோக்குவோம். மேலைநாடுகளில் மத்தியகாலப் போர்களை நடித்துக் காட்டுவோரும் விளையாட்டுப் பாத்திரங்களாக உடையணிந்து கூடுவோரும் வாங்கும் வளைய அங்கிகளிற் கணிசமானவை வட இந்தியாவிற் செய்யப்படுகின்றன. டெஹ்ராடூன் நகரிலே 1943இல் பிரித்தானிய இந்தியப் படையின் கூர்க்காக்களுக்குக் குக்கிரிக் கத்தி செய்யத் தொடங்கிய வின்ட்லாஸ் என்ற நிறுவனம், பின்னர் திரைப்படங்களுக்கும் சேகரிப்போருக்கும் வாளும் கவசமும் செய்யும் பெருநிறுவனமாயிற்று. 'அசாசின்ஸ் கிரீட்' என்ற விளையாட்டின் உரிமம் பெற்ற உடைகளையும் ஆயுதங்களையும் அதன் அமெரிக்கக் கிளை விற்றது. பேரரசின் போருக்குக் கத்தி வழங்கிய உலைக்களம், பேரரசு மறைந்தபின் அதன் போர்க்கனவுகளுக்குச் சட்டை வழங்குகிறது. மறுபுறத்தில், கறையற்ற உருக்கு வளையங்களை இயந்திரத்தாற் கோத்துப் பற்றவைத்த உலோகத் துணியும் சந்தையில் உண்டு. இறைச்சி வெட்டுவோரின் கையுறைகளும் சுறாக்களிடையே நீந்துவோரின் அங்கிகளும் அத்தகையன.

'மூலதனம்' முதலாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் கைத்தறி நெசவாளன் இங்கு நினைவுக்கு வருகிறான். இங்கிலாந்தில் நீராவித்தறி வந்தபின்னரும் அவனுக்கு முன்போல அத்தனை மணிநேரம் தேவைப்பட்டது. ஆயின் அவனுடைய ஒரு மணி உழைப்பு, சமூகத்தின் கணக்கில் அரைமணி உழைப்பாகிவிட்டது. எமது நண்பரின் இரண்டு இரவுகளும் இவ்வகையினவே. பெறுமதியை நிர்ணயிப்பது அவர் செலவிட்ட நேரமன்று. சமூக ரீதியில் அவசியமான நேரம். டெஹ்ராடூனின் பட்டறையும் இயந்திரமும் அந்நேரத்தை எங்கோ நிர்ணயித்துவிட்டன. இதனை நாம் எம்மால் இயன்றவரை அவருக்கு விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த ரெண்டு இரவும் எங்க போனது சேர்?" என்றார். கோட்பாட்டினைச் சரியாகவே கூறினோம் என்பதில் எமக்கு இப்பொழுதும் ஐயமில்லை. கூறிய விதத்தில் ஒரு குறை இருந்தது. விலையின் விதியை விளக்கும்போது அவ்விதி மாற்றவொண்ணாத இயற்கை நியதி என்ற தொனி எம் பேச்சிற் புகுந்துவிட்டது. மார்க்ஸியம் பேசுவோர் அடிக்கடி செய்யும் தவறு இது.

அது இயற்கை நியதியன்று என்பதற்குச் சங்கிலித் தொழிலிலேயே சான்று உண்டு. பிரித்தானியக் கப்பல்களின் நங்கூரச் சங்கிலிகள் பல இங்கிலாந்தின் 'பிளாக் கன்ட்ரி' என்ற கரும்புகைப் பிரதேசத்தில் அடிக்கப்பட்டன. திருகோணமலைத் துறையை 1795இற் கைப்பற்றி 1957 வரை தன் கடற்றளமாக வைத்திருந்த வல்லரசின் இரும்பு அது. பெருஞ்சங்கிலிகள் தொழிற்சாலைகளில் ஆண்களால் அடிக்கப்பட, சிறு சங்கிலிகள் கிரேட்லி ஹீத் என்னும் ஊரின் வீட்டுப் பின்புறப் பட்டறைகளிற் பெண்களால், பிள்ளைகளை அருகிலே கிடத்திக்கொண்டு, அடிக்கப்பட்டன. 1910இல் மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்ற குறைந்தபட்சக் கூலி அங்கீகரிக்கப்பட்டபோது, அது அவர்கள் பெற்றுவந்ததன் ஏறத்தாழ இரு மடங்கு. முதலாளிகள் பலர் அதனைத் தர மறுத்தனர். மேரி மக்காதரின் தலைமையில் அப்பெண்கள் 10 வாரங்கள் போராடி அக்கூலியைப் பெற்றனர். சங்கிலியின் சந்தை விலைக்குள் வளையமடித்தவளின் வாழ்வும் சேர்ந்தே கணிக்கப்படவேண்டும் என்று அங்கு நிலைநாட்டப்பட்டது. எமது நண்பருக்கு இவ்வழி இல்லை. அவருக்கு முதலாளி இல்லை. எனவே எதிர்த்து நிற்கவும் எவருமில்லை. தனித்தனி வீடுகளில் தனித்தனித் திரைகளின் முன் இருக்கும் இக்கைவினைஞர் ஒருவரையொருவர் போட்டியாளராகவே சந்திக்கின்றனர். 'சுயதொழில்' என்று அரச அலுவலரும் தன்னார்வ நிறுவனத்தினரும் புகழும் நிலையின் உட்பொருள் இதுவே.

'லோட் ஒஃப் த ரிங்ஸ்' திரைப்படங்களுக்காக நியூசிலாந்திற் பிளாஸ்ரிக் வளையங்களைக் கையாற் கோத்தவர்கள் 1 கோடியே 25 இலட்சம் வளையங்கள்வரை கோத்ததாகவும், ஈற்றிலே தம் விரல்களின் ரேகை தேய்ந்துபோனதாகவும் கூறியுள்ளனர். இச்செய்தி ஒரு வேடிக்கைத் துணுக்காகப் பலவிடத்தும் சொல்லப்படுவதுண்டு. வலை பொத்துவோரின் விரல்களைப் பார்த்தவர் இதில் வேடிக்கை காணமாட்டார். கவசம் அணிந்தவனின் உடலைக் காப்பது. ஆக்கியவனின் உடலை அது சிறிது சிறிதாக உண்பது. இவ்வுண்மையைக் காட்டும் விளையாட்டொன்றினை நாம் இன்னும் காணவில்லை. காட்டுவது இயலாததன்று. கொல்லன் மகனை நாயகனாக்க முடிந்த இடத்தில் வளையம் கோப்பவளை நாயகியாக்க முடியாதா?

எமது முற்போக்கு நண்பர்களுட் சிலர் இவ்வகை ஆக்கங்களைத் தப்பியோடும் மனப்பான்மை என்பர். கடற்படையின் வேலிகளுக்கும் மூடிய தொழிற்சாலை வாயில்களுக்குமிடையே வாழும் இளைஞர் கவசக் கனவு காண்பதிற் தப்பியோடல் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. யுத்தம் 2009இல் முடிந்த ஒரு நாட்டில், உண்மையான போரின் தழும்பைக் காணாத பருவத்தினர் இரும்பை ஒரு விளையாட்டுப் பொருளாகக் கையிலெடுக்க முடிகிறது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதனை அவர்களுடைய பெற்றோரே அறிவர். ஆனால் தப்பியோடுபவன் 576 வளையங்களைத் திறந்து மூடமாட்டான்.

மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றபோது கிரீப்பரின் முகம் சுவரில் ஓர் ஆணியிலே தொங்கியது. விற்கப்படவில்லை. மேசைமேல் முற்றுப்பெறாத வேறொரு துணி கிடந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்குமான இரு குழல்கள். அவருடைய சின்னம்மா மீன் சந்தையில் வெறுங்கையால் மீன் வெட்டுபவர். இறைச்சிக்காரரின் உருக்குக் கையுறை பற்றி நாம் முன்னர் கூறியதை நினைவில் வைத்து அதனைத் தொடங்கியிருக்கிறார். முதல் முயற்சி சரிவரவில்லை என்றார். ஆணித்தண்டிற் சுற்றிய வளையம் பெரிது. கத்தி முனை உள்ளே செல்கிறது. கட்டுக்கம்பி மென்மையானது, அழுத்தினால் வாய் திறக்கிறது. உப்புநீரில் ஒரு கிழமைக்குள் துருவும் ஏறிவிட்டது. இப்பொழுது சைக்கிள் சில்லுக் கம்பியைத் தண்டாகக் கொண்டு சிறு வளையம் சுற்றிப் பார்க்கிறார். கறையற்ற உருக்குக் கம்பி திருகோணமலையில் எங்கே சில்லறையாகக் கிடைக்கும் என்று எம்மிடமும் விசாரித்தார்.